வாளியில் போட்ட சிவப்புக் கோடு

எதிர் வீட்டு மனிதரை எங்கள் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முப்பது வருடம் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு ‘மீட்டர்’ என்றே பெயர். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். நான் சொல்ல வந்தது அக்காவைப் பற்றி. மீட்டரைப் பற்றிப் பேசினால் என் வாய் சும்மா இருக்காது, ஆனால் பேசாமலும் முடியாது.

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்த வருடம், எந்த வீட்டில் எவ்வளவு செலவானது என்று மாதாமாதம் மாடிப்படி அருகே பட்டியல் ஒட்டினார்கள். யோசனை மீட்டருடையதுதான். முதல் மாதம் பதினாறு வீடுகளில் அவர் வீடு கடைசி. இருப்பது இரண்டே பேர்; ஐந்து பிள்ளைகள் உள்ள தையல்காரர் வீட்டைவிட அதிகம். தையல்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கான தண்டனை அக்காவுக்கு விழுந்தது.

வாளிகளில் சிவப்பு பெயின்ட்டால் கோடு போட்டார். குளிக்க ஒரு கோடு, துவைக்க ஒரு கோடு. பாத்திரம் கழுவினால் பின்னால் வந்து நின்றுகொள்வார்.

“பின்பக்க டாய்லெட் தொட்டியில உஸ்ஸுன்னு ஏதோ சத்தம் கேக்குதுங்க,” என்று அக்கா சொன்னது என் வீடு வரை கேட்டது.

“சத்தம் உன் காதுலதான். முப்பது வருஷம் பாத்தவன் நான். மீட்டர் பொய் சொல்லாது, ஆளுங்கதான் சொல்லுவாங்க. எங்க ஊத்துறன்னு மட்டும் சொல்லு.”

எல்லாக் குழாயையும் மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள், சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர். தன் வீட்டில் மட்டும் அதைச் செய்து பார்க்கவில்லை. மனைவி மேல் அவ்வளவு நம்பிக்கை, அவள்தான் கொட்டுகிறாள் என்று.

அவர் குளியலில் கைவைக்க அக்காவால் முடியாது. துவைப்பதைக் குறைத்தாள். பிறகு குடிப்பதைக் குறைத்தாள்.

“குடிச்சா போகணும், போனா ஊத்தணும். ஒரு தடவைக்கு ஒரு வாளிம்மா! காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். பழகிப்போச்சு,” என்றாள் பெருமையாக. உதடு வெடித்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள்.

“டாக்டரைப் பாருங்கக்கா.”

“பட்டியல்ல கொஞ்சம் மேல வரட்டும், போறேன்.”

அன்றைக்கே ஒரு சொம்புத் தண்ணீரை அவள் கையில் திணித்துக் குடிக்க வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. என் வீடு மூன்றாவது இடத்தில் இருந்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்.

இரண்டு கோடை இப்படியே போயிற்று. கல் வந்தது, காய்ச்சல் வந்தது, ஒருநாள் படியிலேயே விழுந்தாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மீட்டர் அவள் கூடவே இருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது.

திரும்பி வந்த காலையில், பழக்கதோஷம், கதவைத் திறக்கும் முன்பே குனிந்து வாசலில் இருந்த தண்ணீர் மீட்டரைப் பார்த்தார். நான் பையோடு பின்னால் நின்றேன். ஆளே இல்லாத வீட்டில், வழக்கமாக ஓடுவதில் முக்கால்வாசி ஓடியிருந்தது. முள் அப்போதும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் நிமிரவே இல்லை.

பிளம்பர் பின்பக்கத் தொட்டியைத் திறந்து, தேய்ந்துபோன ரப்பர் வாஷரை எடுத்துக் காட்டினார். ஐந்து நிமிட வேலை. அடுத்த மாதம் அவர்கள் வீடு பட்டியலில் முதலிடம்.

இப்போது அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. குடித்தால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். எப்போதும் தாகம். நர்ஸ் சொன்னபடி டம்ளரில் மீட்டரே கோடு போட்டிருக்கிறார், மிச்சமிருந்த அதே சிவப்பு பெயின்ட்டால்.

நேற்று மத்தியானம் போயிருந்தேன். மீட்டர் டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினார்.

“இன்னிக்கு ஒருநாள் குடி. ஒண்ணும் ஆகாது.”

அக்கா வாங்கினாள். கோட்டுக்கு மேல் இருந்ததைக் கிண்ணத்தில் சாய்த்துவிட்டு, மீதியை நாக்கு நனைய நனையக் குடித்தாள். பிறகு கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“கொட்டிடுங்க,” என்றாள். “எங்க ஊத்துறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்.”