அக்கா சிரித்த பேனர்

ஏழாம் வகுப்பு தொடங்கிய மாதம், எங்கள் தமிழ் டீச்சர் விளம்பரங்களைக் கத்தரித்து எடுத்துவரச் சொன்னார். சோப்பு, சத்து மாவு, நகைக்கடை என்று கொண்டுபோய்க் குவித்தோம். எல்லாவற்றுக்கும் அவர் கேட்டது ஒரே கேள்விகள்தான்: இதைச் சொல்வது யார்? எதற்காகச் சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விட்டார்? அதன்பிறகு வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக டிவி பார்க்க நான் விடவில்லை.

அந்த வருடம்தான் அக்கா பத்தாம் வகுப்பில் எங்கள் அரசுப் பள்ளியின் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தே படித்தவள். டியூஷன் வாசலை மிதித்ததில்லை.

ஜெயங்கொண்டத்தில் ஒரு டியூஷன் சென்டரின் திறப்பு விழாவுக்கு அப்பா என்னை அழைத்துப் போனார். வாசலில் ஆள் உயர பேனரில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'எங்கள் பயிற்சி, முதல் மதிப்பெண்!' அப்பா அதை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் நடுவில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தேன்.

நடத்துபவர் வெகுநேரம் பேசிவிட்டு, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார்.

நான் எழுந்துவிட்டேன்.

"சார், பேனர்ல இருக்கறது எங்க அக்கா. நீங்க இன்னைக்குத்தானே தொறக்கறீங்க? அக்கா எப்ப சார் உங்ககிட்ட படிச்சுச்சு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"உக்காரு பாப்பா. அது சும்மா, மத்த புள்ளைங்களுக்கு ஒரு ஊக்கத்துக்குப் போட்டது."

"அப்ப அதையும் அதுலயே எழுதியிருக்கலாமே சார்?"

முன்வரிசையில் ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். "புள்ள கேக்கறது ஞாயந்தானே? பதில் சொல்லுங்க சார்."

அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கைதட்டல். அப்பா. பிறகு மொத்தக் கூட்டமும் தட்டியது.

மறுநாள் பேனர் இல்லை. டீச்சர் என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி முழுக் கதையையும் சொல்லச் சொன்னார். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அக்கா சொன்னாள். அந்தப் படத்தைக் கொடுத்ததே அப்பாதானாம். பதிலுக்கு என்னை அங்கே கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சாம். அது தெரியாத நான், மகள் பேசிவிட்ட பெருமையில் அப்பா கை தட்டுகிறார் என்று மட்டுமே அன்று நினைத்துக்கொண்டேன்.