பாதித் தவிடு

அம்பாசமுத்திரம் பக்கம் ரயில் ஓட ஆரம்பித்த புதிதில் நடந்தது இது. என் மூத்த பிள்ளைக்கு அப்போதுதான் தலை நின்றிருந்தது.

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கேலி செய்வார்கள். என் விஷயத்தில் அது நிஜம். ஸ்ரீவைகுண்டத்தில் என்னைப் பெற்றவளுக்கு, எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றுகூடத் தங்கவில்லை. நானாவது பிழைக்கட்டும் என்று, பிள்ளையில்லாத பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு சுளகு தவிட்டை வாங்கிக்கொண்டு என்னைக் கொடுத்துவிட்டாள். அடுத்தவள் பிள்ளையென்றால் எமன் தொடமாட்டானாம். வழக்கமாக, பேருக்கு விற்றுவிட்டுப் பெற்றவளே வளர்ப்பாள். இவளுக்கோ அந்தத் தைரியமும் இல்லை. கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோய்விடு என்று கெஞ்சியிருக்கிறாள். வாங்கியவள் என்னைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கே குடிவந்துவிட்டாள். அவள்தான் என் அம்மா.

அம்மா எதையும் மறைத்ததில்லை. ஆனாலும் போயும் போயும் தவிட்டுக்கா என்ற கோபம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. பிள்ளை பெற்ற பிறகு அது அழுகையாகிவிட்டது. மடியில் கிடக்கிற இதை எப்படி ஒருத்தியால் கொடுக்க முடியும்? அழுவதைப் பார்த்த அம்மா, நேரில் போய்க் கேட்டுவிடலாம், கிளம்பு என்றாள்.

அப்பப்பா, அந்த ரயில்! கரித்தூள் கண்ணில் விழுந்தாலும் தலையை உள்ளே இழுக்க மனசில்லை. வாழைத்தோட்டமெல்லாம் பின்னால் ஓட, சிரிப்பும் பயமுமாக வந்தது. திருநெல்வேலியில் இறங்கி ஸ்ரீவைகுண்டத்துக்கு மாட்டுவண்டி பிடித்தோம். என்னைப் பார்த்ததும் பெற்றவள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். அடுத்து என்னையும் பிள்ளையையும் பார்த்தாள். ஓடி வரவில்லை, பின்னால் நகர்ந்தாள்.

"எனக்குப் பிள்ளை கிடையாது. உங்க மகளைக் கூட்டிட்டுப் போயிருங்க மதினி" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! வண்டியை நோக்கித் திரும்பினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, அவள் முகத்தைப் பார்க்கச் சொன்னாள். அந்த வாய் இல்லை என்றது. கண்ணோ என்னைவிட்டு நகரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளே என்று ஒரு தடவை கூப்பிட்டால் நான் செத்துப்போவேன் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா நேரே அவள் முன்னால் போய் மடியை விரித்து நின்றாள்.

"அன்னைக்கு நான் தந்த தவிட்டுல பாதியத் திருப்பித் தா. பாதிப் பிள்ளைய நீ எடுத்துக்கிடு. மீதிய நான் விட மாட்டேன். எமன் வந்தா, எம்பிள்ளைன்னு நீயும் சொல்லு, நானும் சொல்லுதேன். அவன் குழம்பிப் போயிருவான்."

அவள் மாட்டுத்தொழுவத்துக்கு ஓடினாள், அப்படி ஓடினாள்! சுளகில் தவிட்டை அள்ளிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது, மீதி அம்மாவின் மடியில் விழுந்தது. தவிடு அப்பிய கையோடு என் முகத்தை ஏந்திக்கொண்டு, "வந்துட்டியாட்டி, எம் மவளே" என்றாள். மூன்று பேரும் தெருவே பார்க்க அழுதோம். நடுவில் நசுங்கிய என் பிள்ளை எங்களைவிடச் சத்தமாகக் கத்தினான்.

திரும்பும்போது ரயிலில் என் கன்னத்துத் தவிட்டைத் துடைக்க அம்மா கை நீட்டினாள். நான் விடவில்லை.

இப்போதும் யாராவது தன் பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று கேலி செய்தால் போதும், முன்பெல்லாம் தலைகுனிந்து நகர்ந்துபோன நான்தான், என்னை இரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று முந்திக்கொண்டு பெருமையடித்துக்கொள்கிறேன்.