கண்டக்டரம்மா வண்டி எடுத்த காலை

இருபத்தாறு வருஷமாக ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்தவருக்கு ஒரு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கண்டக்டரம்மாவே அவர்களுக்கு முன்னால் சிரித்துவிடுவார். "எனக்கு எதுக்கு ஓட்டத் தெரியணும்? நான் விசில் அடிச்சா அம்பது பேரோட பஸ்ஸே நகருது" என்பார்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம், டிரைவர் பயிற்சி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பணிமனை அதிகாரி அவரைச் சுவரோரம் நிற்க வைத்து, தலைமேல் ஓர் அட்டையை வைத்து அளந்தார். இரண்டு விரற்கடை குறைந்தது. "பெடல் எட்டாதும்மா" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்டக்டரம்மா அன்று மத்தியானமே பையை மாட்டிக்கொண்டு வழக்கமான பஸ்ஸில் ஏறினார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன வருஷம் மகள் பழைய அலமாரியை ஒழிக்கும்போது அந்த மனு கையில் சிக்கியது. இல்லாவிட்டால் அவளுக்கும் தெரிந்திருக்காது.

மகள் அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வேலைக்குப் போய் முதன்முதலாகக் கிடைத்த நீண்ட விடுமுறைக்கு அப்பாவையும் அம்மாவையும் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்து வந்திருந்தாள். பூங்காவை ஒட்டியே தங்கும் விடுதி. சோபாவை இழுத்தால் கட்டிலாகிற அறை. இடதுபக்கம் திருப்பினாலும் வலதுபக்கம் திருப்பினாலும் சுடுதண்ணீரே கொட்டுகிற குழாய். இரண்டு நாள் ராட்டினம், நீர்ச்சறுக்கு, பொம்மை ரயில் என்று சுற்றியாகிவிட்டது. எல்லாவற்றிலும் கண்டக்டரம்மா பெல்ட் போட்டு உட்கார்ந்தார், இறங்கினார். "யாரோ பட்டன அமுக்குறான், நாம கத்துறோம். இதுல என்ன இருக்கு?" என்றார்.

மகள் அதற்காகவே காத்திருந்தவள்போல ஒரு சீட்டை நீட்டினாள். "நாளைக்குக் காலைல ஸ்கூட்டர் சுற்றுலா. பூங்கா திறக்கிறதுக்கு முன்னாடி, ஆளே இல்லாத ரோட்டுல."

"ஸ்கூட்டரா? உன் பின்னாடி உக்காரணுமா?"

"பின்னாடி இடமே கிடையாதும்மா. ஆளுக்கு ஒரு வண்டி. நீதான் ஓட்டணும்."

கண்டக்டரம்மா அந்தச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பயணச்சீட்டை அவர்தான் இத்தனை காலம் அடுத்தவர்களுக்குக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். தன் கைக்கு ஒன்று வந்தபோது அதை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்கூடம். தரையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு பெரிய கொட்டகை, ஆரஞ்சு நிறக் கூம்புகள், சுவரில் தலைக்கவச அலமாரி, மெத்தை பதித்த ஒரு சுவர். ஓரமாக மூன்று நாற்காலிகள். நடுவே வண்டிகள் வரிசையாக நின்றன. அருகருகே இரண்டு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, இடுப்பளவுக்கு ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். இருக்கை இல்லை, பிரேக் இல்லை, பெடலும் இல்லை.

பெடல் இல்லை என்பதைக் கண்டக்டரம்மா இரண்டு தடவை குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

வழிகாட்டி முப்பது வயதுப் பெண். சுருட்டை முடியை அள்ளிக் கட்டியிருந்தாள். "ரொம்ப சுலபம்" என்றாள். "முன்னாடி லேசா சாஞ்சா போகும். நேரா நின்னா நிக்கும். பின்னாடி சாஞ்சா பின்னாடி போகும். கைப்பிடிய சாய்ச்சா திரும்பும். அந்தக் கூம்புகள சுத்தி வந்து இந்தக் கோட்டுல நிறுத்தணும். ஆளுக்கு மூணு வாய்ப்பு. தேறினவங்கள எட்டு மணிக்கு வெளிய கூட்டிட்டுப் போவேன். தேறாதவங்க…" என்று நாற்காலிகளைக் காட்டினாள். "அங்க உக்காந்து காபி குடிக்கலாம். காபி நல்லா இருக்கும்."

"காபி குடிக்க இவ்வளவு தூரம் வரணுமா?" என்றார் கண்டக்டரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவர்களோடு வந்திருந்த புதுமணத் தம்பதி மட்டும் கேட்கவே இல்லை. ஒருவர் தலைக்கவசத்தை ஒருவர் மாட்டிவிடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

முதலில் ஏறியவர் கண்டக்டரம்மாவின் கணவர். தையல்காரர். முப்பது வருஷமாகக் கால்மிஷினில் உட்கார்ந்திருப்பவர். மகள் கையைப் பிசைந்தாள். கண்டக்டரம்மா, "பாத்துங்க, நின்னு பழக்கமே இல்லாத ஆளு நீங்க" என்று கிண்டலடித்தார். தையல்காரர் லேசாக முன்னால் சாய்ந்தார். துணியில் நேர்கோடு போடுவதுபோலப் போனார், கூம்புகளை வளைந்து வந்தார், கோட்டின்மேல் நிறுத்தினார். வழிகாட்டி கைதட்டினாள். "ஐயா முன்னாடியே ஓட்டியிருக்கீங்களா?"

"ஜாக்கெட் கழுத்து வளைவு தச்சிருக்கேன்" என்றார் அவர்.

மகள் தேறினாள். புதுமணப் பெண் தேறினாள், மாப்பிள்ளை இரண்டாவது தடவை தேறினான். அடுத்து கண்டக்டரம்மா. பாதங்களை அகட்டி, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நிற்பாரே, அந்தத் தோரணையோடு பலகைமேல் நின்றார். மேடு பள்ளம் எதுவானாலும் அசையாமல் நிற்பார் என்று அந்தத் தடத்துப் பயணிகள் அத்தனை பேருக்கும் தெரியும். சின்னப்பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கம்பியை விட்டுவிட்டு விழுந்த கதையும் உண்டு.

லேசாகச் சாய்ந்தார். வண்டி நகர்ந்தது. நகர்ந்ததும் அவருடைய உடம்பு தானாக இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. வண்டி வேகமெடுத்தது. உடம்பு இன்னும் சாய்ந்தது.

"நிமிருங்கம்மா! நிமிருங்க!"

"நிமிர்ந்துதான்மா நிக்கிறேன்! தள்ளுங்க, தள்ளுங்க, வழி விடுங்க!" என்று கூம்புகளைப் பார்த்துக் கத்தியபடியே இரண்டைச் சாய்த்து, மெத்தைச் சுவரில் போய் மோதி நின்றார். மோதிய கையோடு திரும்பி, "யாரும் இறங்கலியே?" என்றார். புதுமணத் தம்பதிகூட சிரித்துவிட்டார்கள்.

இரண்டாவது வாய்ப்பில் ஜாக்கிரதையாக நிறுத்தப் பார்த்தார். பின்னால் சாய்ந்ததும் வண்டி தயங்கியது. அது தயங்கியதும் உடம்பு இன்னும் பின்னால் சாய்ந்தது. அவ்வளவுதான், வந்த வழியே பின்னோக்கிப் புறப்பட்டுத் தலைக்கவச அலமாரியில் போய் முட்டினார். பதினோரு தலைக்கவசங்கள் உருண்டன.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வழிகாட்டி தலைக்கவசங்களைப் பொறுக்கி அடுக்கியபடி மெதுவாகச் சொன்னாள். "இன்னும் ஒண்ணுதாம்மா இருக்கு. எனக்கு ஆசைதான், ஆனா வெளிய சரிவு இருக்கு, குளத்தோரப் பாதை இருக்கு. கோட்டுல நிறுத்தலன்னா கூட்டிட்டுப் போக முடியாது."

மணி ஏழு நாற்பது. கண்டக்டரம்மா நாற்காலிப் பக்கம் போனார். உட்காரவில்லை. உட்கார்ந்துவிட்டால் அதோடு முடிந்துபோகும் என்று தோன்றியது. மறுபடியும் தலைமேல் அட்டை வைத்து அளப்பதுபோல இருந்தது. அன்றைக்காவது குறைந்தது உயரம். அதற்கு அவர் பொறுப்பில்லை. இன்றைக்குத் தகராறு செய்வது சொந்தக் கால். அதுவும் ஊரே மெச்சிய கால்.

தையல்காரர் பக்கத்தில் வந்தார். "நானும் போகல. ரெண்டு பேருமே காபி குடிக்கலாம்."

"நீங்க எதுக்கு நிக்கணும்? தேறிட்டீங்கல்ல, போய்ட்டு வாங்க. போய் அந்தக் கழுத்து வளைவ எல்லாருக்கும் காட்டுங்க."

"கோபத்த என்கிட்ட காட்டு, சரி. ஒண்ணு சொல்லவா? வண்டி நகந்த உடனே நீ ஏன் அதுக்குப் பதில் சொல்ற?"

"என்ன பதில்?"

"பஸ் கிளம்பினா உன்னைப் பின்னாடி தள்ளும். அதுக்கு நீ முன்னாடி சாஞ்சுக்குவே. பிரேக் போட்டா பின்னாடி சாஞ்சுக்குவே. இது பஸ் இல்ல. என் தையல் மிஷின் மாதிரி. கால் என்ன சொல்லுதோ அதைக் கேட்டுக்கிட்டே இருக்கு. நீ சும்மா நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு அதுகூட நிறுத்தாம பேசிக்கிட்டிருக்க."

கண்டக்டரம்மா அவரையே பார்த்தார். அரைமணி நேரமாக இதைக் கவனித்துக்கொண்டிருந்தாரா இந்த மனுஷன்? "அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? இருபத்தாறு வருஷம் பேசின கால எப்படி வாயடைக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது. உன் கால், உன் பாடு."

கண்டக்டரம்மா கண்ணை மூடினார். பஸ்ஸில் தன் கால் எப்போது பேசாமல் இருக்கும்? கூட்டத்திலா? கிடையாது. வளைவிலா? அங்கேதான் வாய் ஓயாது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவாரே, அப்போது காலி பஸ்ஸின் நடுவில் நின்று ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் முழங்கால் பூட்டு விட்டுப்போய், எடை முழுக்கக் குதிகாலில் இறங்கியிருக்கும். கால் எதற்கும் காத்திருக்காது.

"சரி, வாம்மா" என்று வழிகாட்டியைக் கூப்பிட்டார்.

பலகைமேல் ஏறினார். பஸ் நிற்குது என்று காலிடம் சொன்னார். எஞ்சின் அணைஞ்சுபோச்சு. டிரைவர் டீ குடிக்கப் போய்ட்டார். முழங்கால் இளகியது. அப்புறம், அடுத்த நிறுத்தத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பயணியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதுபோல முகத்தை மட்டும் துளி முன்னே நீட்டினார்.

வண்டி போனது.

பஸ் நிற்குது. வண்டி அதே நிதானத்தில் போனது. பஸ் நிற்குது. முதல் கூம்பைச் சுற்றியது. இரண்டாவதை உரசப் பார்த்துத் தப்பியது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தினாள். கோடு பக்கத்தில் வந்தபோது கால் ஒருமுறை துடித்தது. பிரேக் போடப்போகிறார்கள், சாய்ந்துகொள் என்றது. "சும்மா இரு" என்று வாய்விட்டே அதட்டினார் கண்டக்டரம்மா. முகத்தைப் பழையபடி உள்ளே இழுத்துக்கொண்டு நேராக நின்றார். வண்டியும் நின்றது. சக்கரம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது.

எல்லோரும் வழிகாட்டியைப் பார்த்தார்கள். வழிகாட்டி குனிந்து கோட்டைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள்.

"பஸ் எப்பவாவது சரியா நிறுத்தத்துலயே நின்னிருக்கா?" என்றார் கண்டக்டரம்மா.

வழிகாட்டி குபீரென்று சிரித்துவிட்டாள். "என் பின்னாடியே வாங்கம்மா. ரெண்டாவது வண்டி நீங்க."

எட்டு மணிக்குக் கொட்டகைக் கதவு திறந்தது. நேற்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்த பெருவீதி வெறிச்சென்று, கழுவிவிட்ட ஈரத்தில் மின்னிக்கொண்டு கிடந்தது. ஆறு வண்டிகள் எறும்பு வரிசையாகப் புறப்பட்டன. ராட்டின ரயில் ஆளில்லாமல் வெள்ளோட்டம் ஓடியது. ஒவ்வோர் இருக்கையிலும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று பெல்ட் போட்டு உட்கார்ந்து, கத்தாமல் கவிழ்ந்து வந்தது. பூங்காவின் பொம்மைக் கோட்டைப் படிக்கட்டில் கரடியும் முயலும் தலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கரடி வேஷம் போடுபவர் ஒல்லியான பெரியவர். கண்டக்டரம்மாவைப் பார்த்துத் தேநீர்க் குவளையை உயர்த்தினார். பதிலுக்குக் கையசைக்க ஆசைதான். கைப்பிடியை விட்டுவிடப் பயம். தலையை ஆட்டினார், வண்டியும் கூடவே ஆடியது.

வழியில் மேடோ பள்ளமோ வந்தால் முன்னால் போகிறவர் குரல் கொடுக்க வேண்டும், அடுத்தவர் வாங்கிப் பின்னுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் சுற்றுலாவின் முறை. வழிகாட்டி "மேடு" என்றாள், வாய்க்குள். கண்டக்டரம்மா "மேடு! மேடு! பாத்து ஏறுங்க!" என்றார். குளத்து வாத்துகள் கலைந்தன. கடைசி வண்டியில் இருந்த மாப்பிள்ளை, "இதுக்கு மேல பின்னாடி யாரும் இல்லம்மா" என்று கெஞ்சினான்.

சரிவில் கால் மறுபடி வாயைத் திறந்தது. அடக்கினார். குளத்தோரத்தில் ஒரு தடவை. அதையும் அடக்கினார். அதற்கப்புறம் அடக்க வேண்டியிருக்கவில்லை.

வீதியின் முடிவில் நீரூற்று. அதைச் சுற்றி ஒரு பஸ் திரும்புகிற அளவுக்கு அகலமான வட்டம். அங்கே வழிகாட்டி எல்லோரையும் ஓரமாக நிறுத்தினாள். "இங்க ஒவ்வொருத்தரா தனியா ஒரு சுத்து வரலாம். யார் முதல்ல?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் கண்டக்டரம்மா போய்விட்டார்.

முன்னால் யாரும் இல்லை. பின்னால் இறக்க ஆள் இல்லை, ஏற்ற ஆள் இல்லை. தரை கழுவிக்கொண்டிருந்தவர் வண்டி வருவதைப் பார்த்து, ரப்பர் குழாயை அவசரமாக இழுத்து வழிவிட்டார். தனக்காகத்தான் இழுக்கிறார் என்று புரிய கண்டக்டரம்மாவுக்கு ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் முகத்தை இன்னும் துளி நீட்டினார். நீரூற்றின் சாரல் கன்னத்தில் அடித்தது. இன்னும் துளி. இதற்கு மேல் முடியாது என்று கைப்பிடி உள்ளங்கையைப் பின்னால் தள்ளியது. "சரி சரி, உன்னோட வேகம் இவ்வளவுதான்னா இவ்வளவுதான்" என்று அதைச் சமாதானப்படுத்தினார்.

ஒரு சுற்று முடிந்தது. அவர் நிற்கவில்லை. இரண்டாவது சுற்றும் முடிந்தது. வழிகாட்டி கையை உயர்த்தினாள்.

"அம்மா, போதும், நிறுத்துங்க!"

"நிறுத்துறது எப்படின்னு மறந்துபோச்சும்மா!" என்று கத்திக்கொண்டே அவர்களைக் கடந்து போனார்.

வழிகாட்டியின் முகம் மாறியது. தன் வண்டியைத் திருப்பி விரட்டப் பார்த்தாள். தையல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"பதறாதீங்கம்மா. பொய் சொல்றா."

வழிகாட்டி உற்றுப் பார்த்தாள். நீரூற்றுக்கு அந்தப் பக்கம், தோள் இறங்கி, முழங்கால் இளகி, முகம் மட்டும் முன்னே நீட்டி, மூன்றாவது சுற்றில் கண்டக்டரம்மா வந்துகொண்டிருந்தார். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மத்தவங்களுக்கும் நேரம் வேணும்" என்று முணுமுணுத்துவிட்டு, "சரி, இன்னும் ஒண்ணு!" என்று கத்தினாள்.