கட்டையா, தொட்டியா

வெற்றிச்செல்வி பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. காலையில் அரியலூரில் பஸ் ஏறினால், திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். வீட்டில் கணவர் ஜெயசீலன் மட்டும் இருப்பார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லை வரை நடப்பார், அவ்வளவுதான். ஒரே மகள் பூங்குழலி திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மத்தியானச் சோற்றைப் போட்டுக் கொடுக்கப் பக்கத்து வீட்டு மலர்கொடி வந்து போவாள்.

அந்த வீட்டுக்குத்தான் ஆர்க்கிட் செடி வந்து சேர்ந்தது. கடையில் கூட வேலை பார்த்த சசிகலா, கோத்தகிரிக்குச் சுற்றுலா போனபோது வாங்கியது. வேலையை விட்டு நிற்கிற அன்று வெற்றிச்செல்வியின் கையில் கொடுத்துவிட்டாள்.

"இத மண்ணுல வைக்கக் கூடாதுக்கா. கட்டையில கட்டித் தொங்கவிட்டா வேருக்கு நல்லாக் காத்து கிடைக்கும், ஆனா ஒரு நாளைக்கு மூணு நாலு வாட்டி தண்ணி அடிக்கணும். ஈரம் கேக்குற செடி. இல்லன்னா கரித்துண்டும் தேங்காமட்டையும் போட்டுத் தொட்டியில வைக்கலாம். ஈரம் நிக்கும். அளவு தெரியாம ஊத்தினா வேரு அழுவிடும்."

"இருக்கற வேலையே முடியல. எனக்கு எதுக்கு சசி இது?"

"குப்பையில போட மனசு வரலக்கா."

வெற்றிச்செல்விக்கும் வரவில்லை. செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தூங்கிப்போனாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயசீலனிடம் விஷயத்தைச் சொன்னாள். "தொட்டியிலயே வச்சிடறேன். காலையில கெளம்பறப்ப ஒரு தடவ ஊத்திட்டுப் போயிடலாம்."

அவர் செடியை இடது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டையில கட்டு. பகலெல்லாம் நான் சும்மாதான இருக்கேன். நான் அதுக்குத் தண்ணி அடிக்கிறேன்."

"உங்களப் பாக்கவே இங்க ஆளில்ல. இதுல நீங்க செடியப் பாக்கப் போறீங்களா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அவர் செடியைக் கீழே வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். சமாதானம் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உலை வைக்கப் போய்விட்டாள்.

வார லீவு அன்று வெற்றிச்செல்வி, அவர் கேட்டபடியே செய்ய, மலர்கொடி வீட்டு விறகிலிருந்து பட்டை உரியாத முந்திரிக்கட்டை ஒன்றை எடுத்து வந்தாள். வேருக்கு அடியில் கொஞ்சம் தேங்காய் நார் கொடுத்து, தூண்டில் நரம்பால் செடியைக் கட்டினாள். தொட்டி என்றால் அவர் குனிய வேண்டும். குனிந்தால் நிமிர முடியாது. அதனால் கொல்லைக் கதவோரம், துவைக்கிற கல்லின் ஈரம் அடிக்கிற நிழலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டாள். சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற மாதிரி ஒரு பாட்டிலும் வாங்கிக் கொடுத்தாள்.

ஜெயசீலன் சொன்னபடி செய்தார். போர் தண்ணீர் பட்டு இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. குடிக்கிற கேன் தண்ணீரைத்தான் அடிக்க வேண்டும் என்று ஆனது. தினமும் பாட்டிலை நிரப்பி வைப்பது அவளுக்கு இன்னொரு வேலையாகச் சேர்ந்தது. கடையில் இருக்கும்போது போன் வரும்.

"செல்வி, வேரு நனைஞ்சா பச்சையாவுது. காஞ்சா வெள்ளையாயிடுது. பாத்தியா நீ?"

"பாக்கறேங்க. ஆளு நிக்கிறாங்க, வச்சிடட்டுமா?"

ஆனாலும் அவர் குரலில் பழைய தெளிவு இருந்ததை அவள் கவனித்திருந்தாள். புது வேர் ஒன்று பட்டையைப் பற்றிக்கொண்டு இறங்கியது.

சித்திரை பிறந்ததும் எல்லாம் மாறியது. அனல் காற்றில், தண்ணீர் அடித்த நிமிஷமே கட்டை காய்ந்தது. இலைகள் சுருங்கின. ஜெயசீலன் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுச் செடியோடு உட்கார்ந்தார். ஒருநாள் பாட்டில் தீர்ந்துபோக, தானே நிரப்பலாம் என்று எழுந்தவர், சிந்தியிருந்த தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டார். மலர்கொடி போன் போட்டாள்.

"அக்கா, பயப்படாதீங்க, பேசறாரு. ஆனா என்னால தூக்க முடியல. சீக்கிரம் வாங்க."

அவள் வந்து சேர்வதற்குள் தெருக்காரர்கள் அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டிருந்தார்கள். எலும்பு முறிவு இல்லை. இடுப்பில் நல்ல அடி. டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிய பிறகு, வெற்றிச்செல்வி கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றி வீசிவிடலாம் போலிருந்தது.

உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். "செல்வி. அதத் தொட்டியில வச்சிடு."

"வேணாங்க. ஆசையாப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"ஆசதான். ஆனா எனக்கும் முடியல. சொன்னா நீ என்ன நெனப்பியோன்னு செடிக்குத் தண்ணி அடிச்சிக்கிட்டே இருந்தேன்."

அவள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீ பேசினது சரிதான். பேசின விதந்தான் சுருக்குனு இருந்துச்சு," என்றார்.

வேர்கள் பட்டையோடு ஒட்டிக்கிடந்தன. பிய்த்தால் அறுந்துவிடும் போலிருந்தது. அதனால் கட்டையையே ரம்பத்தால் குட்டையாக அறுத்து, செடியோடு சேர்த்துத் தொட்டியில் இறக்கினாள். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட மண்தொட்டி. சுற்றிலும் கரியும் மட்டைத் துண்டும் போட்டாள். காலையில் கிளம்பும் முன் விரலை விட்டுப் பார்ப்பாள். ஈரமிருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவாள்.

இரண்டு இலை பழுத்து விழுந்தது. மற்றவை நின்றன. பூ இன்னும் வரவில்லை. மத்தியானத்தில் ஜெயசீலன் இப்போது போன் செய்வதில்லை, தூங்குகிறார். மருந்தும் சோறும் துவைக்கிற துணியும் அப்படியேதான் இருக்கின்றன.

ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒருநாள், தொட்டியைக் கொஞ்சம் நனையட்டும் என்று வெளியே வைத்துவிட்டு, கடைக்கு லீவு சொன்னாள். உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, மழை என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, கணவரின் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, பகலிலேயே படுத்துத் தூங்கினாள்.