மூன்று பெயர் எழுதிய பெட்டி

கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கிளாக்கராக இருந்தபோது, கேட்டில் ஒரு வாச்சர் இருந்தார். கம்பளித் தொப்பி, பாதி மூடிய ஒரு கண். உள்ளே வரும் எந்த லொறியையும் விரலை மடக்கித் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

ஒருநாள் தேயிலை ஏற்ற வந்த கண்டெய்னரை மறித்துவிட்டார். டிரைவர் நீட்டிய தாளில் ஒரு கப்பல் கம்பெனியின் பெயர். பெட்டியில் வேறு பெயர். பெயின்ட்டுக்கு அடியில் மங்கலாக இன்னொன்று.

"களவெடுத்த பெட்டிங்க கிளாக்கரையா."

"களவு இல்லங்க. பெரிய கம்பெனி மத்த ரெண்டையும் வாங்கிருச்சு. மூணும் இப்ப ஒண்ணுதான்" என்றேன்.

பெட்டியை மறுபடியும் தட்டினார்.

"மூணு கம்பெனி கேட்டுலயும் வாச்சர் இருந்திருப்பாங்கள்ல? இப்ப ஒரு கேட்டுதானே. மத்த ரெண்டு பேரும் எங்கங்க ஐயா?"

நான் தாளில் கையெழுத்துப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே கேட்டைத் திறந்தார்.

எங்கள் தொழிற்சாலையை மூடி, பக்கத்துத் தோட்டத்தோடு சேர்க்கச் சொல்லும் கடிதம் அன்று காலைதான் வந்திருந்தது. அதை என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். அவர் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.