இரைச்சலோடு சுருதி சேர்த்தவர்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் இசைக்குழுவுக்குக் கித்தார் வாசித்தவர் அவர். ஒல்லியான உடம்பு, படிய வாரிய தலை, வலது கையில் மட்டும் நீண்ட நகங்கள்.

அவருடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஓயாமல் "ம்ம்ம்" என்று இரையும். அதன்மேல் காதை வைத்து, அந்த இரைச்சலோடுதான் கம்பிகளுக்குச் சுருதி சேர்ப்பார். அது என் கீபோர்டைவிட இம்மியளவு ஏறியே நிற்கும்.

"அண்ணே, சுருதி கொஞ்சம் ஏறி நிக்குது" என்றேன் ஒருமுறை.

"பெட்டி சரியாத்தான் சொல்லுது. நீ மேல வா லா."

அதிலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும் கீபோர்டின் சுருதித் திருகை நான்தான் ஏற்றிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில், அந்த மாதிரிப் பெட்டிகளின் ஒலியைத் தரும் டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கினேன். கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருடைய கித்தாரை அதில் இணைத்துக் கொடுத்தேன். ஒரு தடவை மீட்டினார். அச்சு அசலாக அதே ஒலி. குழுவே அசந்துபோனது.

சுருதி சேர்க்க அவர் பழக்கப்படி குனிந்து கருவியில் காதை வைத்தார். அதில் இரைச்சலே இல்லை. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, நீ ஒரு சுருதி குடு."

கொடுத்தேன். அன்றுதான் நாங்கள் சரியான சுருதியில் வாசித்தோம். எனக்கு என்னவோ எல்லாப் பாட்டும் கொஞ்சம் இறங்கிப்போனது போலவே இருந்தது.

இப்போது வீட்டுக் கணினியில் அந்தப் பெட்டியின் ஒலியை உண்டாக்கிப் பார்க்கிறேன். இரைச்சலையும் சேர்த்துக்கொள்ள மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தியதும், என் கை தானாகக் கீபோர்டின் திருகுக்குப் போகிறது.