குனிந்தவரைப் பிடிக்கும் நாய்

கேரளத்துச் சித்தூர் தாலூக்கில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். இங்கே தென்னந்தோப்புக்கு நாய் பழக்குவது என்றால் குப்பண்ணன்தான். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. குரைக்கிற நாயால் தோப்புக்குப் பயனில்லை, சத்தம் கேட்டதும் திருடன் தேங்காயோடு ஓடிவிடுகிறான் என்பதைப் பார்த்துப் பார்த்து, தானே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். விழுந்து கிடக்கும் தேங்காயை எடுக்க வேண்டுமானால் ஆள் குனிந்தாக வேண்டும். வீட்டாரும் வேலையாட்களும் குனிந்தால் நாய் கண்டுகொள்ளக் கூடாது. அந்நியர் குனிந்தால் சத்தமில்லாமல் போய் மணிக்கட்டைக் கவ்விக்கொள்ள வேண்டும். பல் பதியலாம், சதை கிழியக் கூடாது. கையில் சாக்கைச் சுற்றிக்கொள்ளச் சொல்லி, தெரியாத ஆட்களைக் கொண்டுவந்து குனியவைத்து, ஆறு மாதத்தில் ஒரு நாயை அப்படி ஆக்கிவிடுவார். கிணத்துக்கடவிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

கடைசியாகப் பழக்கியது செவலையை. தோப்பில் மூன்று வருடம் காவல் இருந்தது. அறுபது வயதில் மூட்டு வலி வந்து, தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊருக்குள் வீடு கட்டி வந்தபோது, செவலையும் கூட வந்தது. சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். குளத்தைச் சுற்றிப் பஞ்சாயத்து ஒரு பூங்கா போட்டிருந்தது. காலை ஆறரைக்கு இருவரும் அங்கே நடப்பார்கள். கயிறு கிடையாது.

நாய்களைக் கட்டித்தான் கூட்டிவர வேண்டும் என்று வாசலில் மலையாளத்திலும் தமிழிலும் பலகை இருந்தது. பஞ்சாயத்து மெம்பர் ஷீனா நேரிலும் இரண்டு தடவை சொன்னார்.

"கட்டி இழுத்துட்டுப் போறதுக்கு இதென்ன சந்தைக்குப் போற மாடுங்களா? என்னோட நாய் இதுவரைக்கும் ஒருத்தரைப் பாத்துக் குரைச்சிருக்குதாங்க?" என்றார் குப்பண்ணன்.

குரைத்ததில்லைதான். சிமெண்டு பெஞ்சில் உட்காருகிறவர்கள் எல்லோரும் அவர் பக்கமே பேசினார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை. கடைவீதியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் ருக்கியா, நாள் முழுக்க உட்கார்ந்தே உடம்பு போட்டுவிட்டது என்று அந்த மாதம்தான் நடக்க ஆரம்பித்திருந்தார். வாதாமரத்தடியில் பழுத்து விழுந்திருந்த ஒரு காயை எடுக்கக் குனிந்தார். இருபதடி பின்னால் வந்த குப்பண்ணன், செவலையின் காது நிமிர்ந்ததைப் பார்த்தார். கூப்பிட வாய் திறப்பதற்குள் அது போய்விட்டது. சத்தமே இல்லை. ருக்கியாதான் கத்தினார்.

"வுடு" என்றதும் விட்டது. மணிக்கட்டில் நான்கு பல் தடம், ரத்தம். பெஞ்சிலிருந்து ஓடிவந்தவர்கள் முதலில் பார்த்தது குப்பண்ணனின் முகத்தை.

"கல்லெடுக்கக் குனிஞ்சியா அம்மிணி?" என்று கேட்டார் குப்பண்ணன்.

யோசித்துக் கேட்டதல்ல. ஆனால் கேட்டு முடித்ததுமே, தனக்கு அது எவ்வளவு வசதியான கேள்வி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கல்லா? வாதாங்காய் எடுத்தனுங்கண்ணா!" ருக்கியா தரையில் தேடினார். காய் சரிவில் உருண்டு குளத்துக்குள் போயிருந்தது.

"கல்லெடுத்தா எந்த நாய்ங்க சும்மா இருக்கும்? அதும் செவலை மாதிரி சாதுவைப் போயி!" என்றார் ரிட்டையர்டு பஸ் டிரைவர் ஆனந்தகுமார்.

குப்பண்ணன் மறுக்கவில்லை.

பூங்காவில் நடப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, நூற்று நாற்பது பேர். ஆனந்தகுமார் நடந்ததை அதில் பேசி அனுப்பினார். மத்தியானத்துக்குள் ருக்கியா நாயைக் கல்லால் அடித்தவர் ஆகிவிட்டார். கடைக்கு வந்தவர்கள், "கல்லாப்பெட்டியில கல்லைத்தான் வெச்சிருக்கீங்களாக்கா?" என்று சிரித்தார்கள். அவர் பூங்காவுக்கு வருவதை நிறுத்தினார். கடைக்கும் நாய்க்கடி ஊசிக்கும் மட்டும் வெளியே போனார்.

விசாரிக்க ஷீனா குப்பண்ணனையும் ருக்கியாவையும் வாசகசாலைக்குக் கூப்பிட்டார். கிளம்பும்போது, குப்பண்ணனின் மனைவி சரஸ்வதியம்மாள் கதவை அடைத்தாற்போல் நின்றார்.

"அது கல்லுக்குப் புடிக்கலீங்க. குனிஞ்சதுக்குப் புடிச்சுது. உங்குளுக்குத் தெரியும்."

"வெளிய தெரிஞ்சா நாயைக் கொண்டுபோயிருவாங்க புள்ள."

"நாய்க்காகவா பேசறீங்க?"

குப்பண்ணன் செருப்பை மாட்டினார்.

வாசகசாலையில் பெஞ்சு ஆட்கள் ஏழெட்டுப் பேர் அவருக்காக வந்திருந்தார்கள். ருக்கியா தனியாக வந்தார். கட்டுப் போட்ட கையை முக்காட்டுக்குள் வைத்திருந்தார். ஷீனா நோட்டைத் திறந்து ஆரம்பிப்பதற்குள் ருக்கியாவே பேசினார்.

"இன்னும் ஒரு ஊசி பாக்கியிருக்குதுங்க மேடம். கடையைத் தொறக்கோணும். நான் கல்லெடுத்தேன்னே எழுதிக்கங்க. அண்ணா, மன்னிச்சுக்கங்க."

எல்லோரும் குப்பண்ணனைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். ஷீனா எழுதிக்கொண்டார்.

"கேஸு கீஸுன்னு போகாம வுட்டாரு பாருங்க, பெரிய மனசு" என்றார் ஆனந்தகுமார்.

மறுநாளிலிருந்து செவலைக்குக் கயிறு போட்டார். அதற்கும் பாராட்டுத்தான். இனி யாரும் கல்லெறிந்து சீண்டாமல் இருக்கக் கட்டிக் கூட்டிவருகிறாராம். தோப்பில் ஆட்கள் கூடி நின்று பாராட்டியபோது நிமிர்ந்து நின்றவர், இப்போது பெஞ்சு இருக்கும் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ருக்கியாவின் கடைக்குப் போனார். அவர் சுடிதார்களை மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, நீ கல்லெடுக்கலே. எனக்கு அன்னிக்கே தெரியும்."

ருக்கியா மடிப்பை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாதுங்களாண்ணா? நான் கல்லெடுக்கலேன்னு எனக்கே வந்து சொல்றீங்க."

மடித்ததை அடுக்கில் வைத்தார்.

"எம் மக நஸ்ரினைக் காலேஜ் பஸ்ஸுல கல்லுக்காரி மகள்னு கூப்பிடறாங்க. சொல்றதா இருந்தா அங்க சொல்லுங்க. யாவாரம் நடக்கற நேரம், வழியை வுட்டு நில்லுங்க."

அன்று மத்தியானம் குப்பண்ணன், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, பூங்காக் குழுவுக்குப் பேசினார். அவருக்கு எழுத்துத் தட்டத் தெரியாது. முதல் தடவை பேசியதில் 'வாயில்லா ஜீவன்' என்று வந்தது. அழித்தார். இரண்டாம் தடவை 'எதிர்பாராமல்' என்று வந்தது. அதையும் அழித்தார். மூன்றாவதை அனுப்பினார்.

"நான் குப்பண்ணன் பேசறனுங்க. ருக்கியாம்மா கல்லெடுக்கலீங்க. குனிஞ்சாப் புடிக்கோணும்னு நாய்க்குச் சொல்லிக் குடுத்தது நானு. எனக்கு அப்பவே தெரியுமுங்க. தெரிஞ்சே அந்தம்மாவை எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சனுங்க. மெம்பர் நோட்டுல எழுதுனதை அடிச்சுப்போடோணும்."

ஒவ்வொருவராகக் கேட்பது திரையில் தெரிந்தது. கால் மணி நேரம் கழித்து ஆனந்தகுமாரின் குரல் வந்தது. "அப்ப அன்னிக்கே ஏனுங்கண்ணா சொல்லல?"

குப்பண்ணன் பேசுகிற பொத்தானை அமுக்கிப் பிடித்தார். சரஸ்வதியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. விரலை எடுத்தார். எதுவும் பேசாத இரண்டு நொடி குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதையும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.